கூலிங் பேப்பர்: கறுத்தால் குளிருமா?

“எவ்வளவு கறுப்பு வேணும் சார்?” கார் கண்ணாடிக்கு சன் ஃபிலிம் ஒட்டும் கடைகளில் பேச்சு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. கேள்வியே கோணல்.

தரைக்கு வந்துசேரும் சூரிய ஆற்றலில் ஏறக்குறையப் பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். சாயம் ஏற்றிய மலிவான ஃபிலிம் முதலில் மறைப்பது வெளிச்சத்தைத்தான். உறிஞ்சிய சூட்டிலும் ஒரு பங்கை வண்டிக்குள்ளேயே இறக்கிவிடும். நாளடைவில் அந்தச் சாயம் ஊதா பாய்ந்து வெளுக்கும். உலோகப் பூச்சுள்ள ஃபிலிம் வெயிலை நன்றாகத் திருப்பி அனுப்பும். ஆனால் ஜி.பி.எஸ்., கைபேசி சிக்னலும் அதில் அடிபடக்கூடும். செராமிக் வகை விலை கூடுதல். வெளியிலிருந்து பார்த்தால் ஒட்டியதே தெரியாத அளவு தெளிவாக இருந்தும் அகச்சிவப்பை வடிகட்டுவது அதுதான்.

விளம்பரத்தில் மின்னும் ‘95 சதவீத ஐ.ஆர். தடுப்பு’ போன்ற எண்களில் மயங்க வேண்டாம். அவை பல நேரம் அகச்சிவப்பின் ஒரு சிறு பகுதியில் மட்டும் அளந்தவை. கேட்க வேண்டிய எண் டி.எஸ்.இ.ஆர்., அதாவது மொத்த சூரிய ஆற்றலில் எத்தனை சதவீதம் தடுக்கப்படுகிறது என்பது.

சட்டத்துக்கு வேண்டியதோ இன்னொரு எண்: கண்ணாடி எவ்வளவு வெளிச்சத்தை ஊடுருவ விடுகிறது? மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100-வது விதிப்படி முன், பின் கண்ணாடிகளில் குறைந்தது 70 சதவீதம். பக்கக் கண்ணாடிகளில் 50. விதி பேசுவது தயாரிப்பின்போதே அமைந்த கண்ணாடியைப் பற்றி, பிறகு ஒட்டுவதைப் பற்றி அல்ல என்று கூறி, 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் எந்த அளவிலும் ஃபிலிம் கூடாது என்றது. பின்னர் விதியே திருத்தப்பட்டது. 2021 ஏப்ரல் 1 முதல், உட்புறம் பிளாஸ்டிக் படலம் கொண்ட பாதுகாப்புக் கண்ணாடியும் அதில் இடம்பெற்றது. இதை வைத்து, அளவு மீறாத ஃபிலிமுக்கு அபராதம் விதிக்க முடியாது என்று 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது. சாலையில் மறிக்கும் காவலர் 2012-ஐயே நினைவூட்டினால் வியக்க ஒன்றுமில்லை.

பலர் சறுக்குவது கணக்கில். கண்ணாடியின் அளவையும் ஃபிலிமின் அளவையும் பெருக்க வேண்டும். 75 சதவீதம் ஒளி விடும் பக்கக் கண்ணாடியில் ‘50’ ஃபிலிம் ஒட்டினால் மிஞ்சுவது 37.5தான், விதிமீறல். ‘70’ ஒட்டினால் 52.5, தப்பிக்கலாம். கடைக்காரர் “லீகல்தான் சார்” என்றால், ஒட்டிய பிறகு மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லலாம். ஃபிலிமின் தர முத்திரையும் பில்லும் வண்டியில் இருப்பது நல்லது.

முன்கண்ணாடிக் கணக்கு இன்னும் இறுக்கம். அதே 75-இல் கிட்டத்தட்டத் தெளிவான ‘90’ ஃபிலிமை ஒட்டினாலும் 67.5-க்கு இறங்கி எல்லையைத் தாண்டிவிடும். இரவு மழையில் ஓட்டுபவருக்கு அங்கே ஒவ்வொரு சதவீதமும் தேவை. புற ஊதாக் கதிருக்காக அங்கே ஒட்டவும் வேண்டியதில்லை. முன்கண்ணாடியின் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே இருக்கும் பிளாஸ்டிக் அடுக்கே அதைப் பெரும்பாலும் நிறுத்திவிடுகிறது. செராமிக்குக்கு ஒதுக்கிய பணத்தைப் பக்கக் கண்ணாடிகளுக்குச் செலவிட்டு, வண்டியை நிறுத்தும்போது முன்னால் ஒரு மடக்குத் தட்டி வைத்தால் போதும்.