நிலக்கடலை ஆர்.என்.ஏ. தரவுகளைத் தொகுத்தல்: இரு கணினி முறைகளின் ஒப்பீடு

முன்னுரை

செஞ்சி வட்டாரத்தின் முதன்மைப் பயிர்களுள் நிலக்கடலையும் ஒன்று. செஞ்சிக்குக் கிழக்கே திண்டிவனத்திலுள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் டி.எம்.வி. வரிசை இரகங்களால் அறியப்படுவது. மானாவாரி நிலத்தில் வறட்சியைத் தாங்கும் செடியில் எம்மரபணுக்கள் மிகுதியாக வெளிப்படுகின்றன என்பதை ஆர்.என்.ஏ. வரிசையறிதலால் கண்டறியலாம். ஆயின், இப்பயிரின் மரபணு அமைப்பு கணினிப் பகுப்பாய்வில் ஓர் இடர்ப்பாட்டை உண்டாக்குகிறது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இணை மரபணுக்கள்

நிலக்கடலை, இரு காட்டினங்களின் கலப்பால் தோன்றிய நான்மயப் பயிர்; 40 குரோமோசோம்களை உடையது. எனவே, பெரும்பாலான மரபணுக்கள் ஏ, பி என மிக நெருங்கிய இரு வடிவங்களில் அமைந்துள்ளன.

மேற்கோளின்றித் தொகுத்தல்

2011இல் வெளிவந்த டிரினிட்டி மென்பொருள், குறுந்துண்டுகளை 25 எழுத்துக் கூறுகளாகப் பகுத்து, ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவனவற்றை இணைக்கிறது. 100 எழுத்து வரிசை ஒன்றில் 76 கூறுகள் உள்ளன. ஏ, பி வடிவங்கள் நடுவில் ஓரெழுத்தால் மட்டும் வேறுபடின் 25 கூறுகள் மாறும். எஞ்சிய 51 கூறுகள் இரண்டிற்கும் பொதுவாகும். இத்தகைய இரு வேறுபாடுகளுக்கு இடைப்பட்ட தொலைவு துண்டின் நீளத்தை விஞ்சினால், எது எதனுடன் சேரும் என்பதற்குச் சான்றில்லை. அதனால் ஏ வடிவின் தலையும் பி வடிவின் வாலும் இணைந்து, செடியில் இல்லாத ஒரு வரிசை தோன்றக்கூடும்.

மேற்கோளுடன் பொருத்துதல்

காட்டினங்கள் இரண்டின் மரபணுத்தொகைகள் 2016இலும், பயிரிடப்படும் நிலக்கடலையின் மரபணுத்தொகை 2019இலும் வெளியிடப்பட்டன. ஆதலால், ஹைசாட்2 கொண்டு துண்டுகளை நேரடியாகப் பொருத்தி, ஸ்டிரிங்டை கொண்டு தொகுக்க இயலும். ஆயினும், இரு வடிவங்களுக்கும் ஒருங்கே பொருந்தும் துண்டுகளை நீக்கினால், மிக ஒத்த மரபணுக்களின் வெளிப்பாடு குறைத்து மதிப்பிடப்படும். சால்மன் போன்ற மென்பொருள்கள் அத்துண்டுகளை நிகழ்தகவு அடிப்படையில் பகிர்ந்தளிக்கின்றன. அதன்பின் டெசீக்2 கொண்டு வறட்சிச் செடிகளையும் நீர் பெற்ற செடிகளையும் ஒப்பிடலாம். இதற்கு ஒவ்வொரு நிலையிலும் குறைந்தது மூன்று தனிச்செடிகளின் மாதிரிகள் தேவை. ஒரே மாதிரியை மும்முறை வரிசையறிதல் அதற்கு ஈடாகாது.

முடிவுரை

மேற்கோள் மரபணுத்தொகை கிடைக்கும் நிலக்கடலைக்குப் பொருத்தும் முறையே முதன்மையாதல் வேண்டும். மேற்கோளில் இடம்பெறாத, இரகத்திற்கே உரிய வரிசைகளைத் தேட மற்றைய முறை துணையாகும். பகிர்வு முறையைக் குறிப்பிடாத ஆய்வு முடிவு, எவ்வடிவம் வறட்சியைத் தாங்க உதவுகிறது என்பதை உறுதிசெய்யாது. தவறான வடிவைக் குறியீடாகக் கொண்டு இரகத்தேர்வு செய்யப்படின், அதன் இழப்பு இறுதியில் உழவரையே சேரும்.