சங்கிலிக்கு எந்த எண்ணெய்?

சைக்கிள் சங்கிலி எண்ணெய் வழியப் பளபளத்தால் வண்டிக்கு உடையவர் சிரத்தை மிக்கவர் என்று கருதும் வழக்கம் நம்மவரிடையே நெடுங்காலமாக உண்டெனினும், கண்ணுக்குப் புலப்படும் அந்த எண்ணெயால் விளையும் உபகாரம் சொற்பமே, உபத்திரவந்தான் அதிகம். சுவிட்சர்லாந்தில் பிறந்து மாஞ்செஸ்டரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்டு 1880-இல் காப்புரிமை பெற்ற உருளைச் சங்கிலியின் வழிவந்ததே இன்றைய சைக்கிள் சங்கிலியும். பல்சக்கரத்தில் கண்ணி மடங்கி நிமிரும்போதெல்லாம் இரும்போடு இரும்பு உராய்வது உருளைக்குள் மறைந்திருக்கும் ஆணியைச் சுற்றித்தான் என்பதால், எண்ணெய் போய்ச் சேரவேண்டிய ஸ்தலமும் அதுவே. வெளித்தகட்டில் தங்குவதோ தெருப்புழுதியைச் சேர்த்துக்கொண்டு கரிய சாந்தாகி, மெல்ல உள்ளே புகுந்து ஆணியை அரைக்கத் தொடங்கிவிடும்.

சங்கடம் என்னவென்றால், மழைக்குக் கரையாமல் நிற்கும் கெட்டி எண்ணெய்க்குப் புழுதியைப் பற்றிக்கொள்ளும் சுபாவமும் கூடவே இருக்கிறது. ஆதலால் சித்திரை, வைகாசியில் செம்மண் சாலைகளில் போகிறவருக்கு, ஆவியாகும் திரவத்தில் மெழுகைக் கலந்து விற்கும் உலர்வகையே உசிதம். முதல் நாள் இரவே இட்டுவைத்தால் திரவம் பறந்துபோய் மெழுகு மட்டும் எஞ்சும், புழுதியும் அதில் அவ்வளவாக ஒட்டாது. அதே மெழுகை நம்பி ஐப்பசி அடைமழையில் புறப்பட்டால், ஒரே பிரயாணத்தில் அது கழுவுண்டு போக, மறுநாள் சங்கிலி துருவேறிக் கிறீச்சிடும். அப்பருவத்துக்கும் உப்புக்காற்று வீசும் கடலோரத்துக்கும் கெட்டிவகைதான் தகும். எண்ணெய்ப் பிசுக்கின்மேல் மெழுகு பிடிக்காதாகையால், ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாறும்போது சங்கிலியை மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்துவது அவசியம்.

வீட்டில் கைக்கு எட்டும் தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசினாகும், மார்கழி விடியலில் உறைந்தும் போகும். தையல் மெஷின் எண்ணெய் இகழத்தக்கதன்று. நீர்த்திருப்பதால் சுலபமாக உள்ளே இறங்கும், அடிக்கடி இடவேண்டுமென்பதே குறை. மோட்டார் வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயிலில் கரியும் இரும்புத் துகளும் கலந்திருப்பதால், இலவசமாகக் கிடைத்தாலும் அதைத் தொடாதிருப்பதே புத்திசாலித்தனம். கடைகளில் பலரும் கேட்டு வாங்கும் டபிள்யூ.டி.-40 என்பது 1953-இல் ஈரத்தை விரட்டவென்று ஆக்கப்பட்டு, அட்லஸ் ஏவுகணையின் மேல்தோல் துருப்பிடிக்காமல் காக்க உபயோகமானது. அது நம் ஊர் அட்லஸ் சைக்கிளின் சங்கிலியில் நீடித்து நில்லாததில் ஆச்சரியமில்லை. முழுச் செயின் கவர் பூட்டிய பழைய பாணி வண்டி வைத்திருப்பவருக்கு இந்த ஆராய்ச்சிகள் பெரிதும் வேண்டியதில்லை. அழகு கருதி அக்கவரைக் கழற்றியெறிந்தது நம் காலத்தின் அவிவேகங்களில் ஒன்று என்பது என் அபிப்பிராயம்.

எவ்வகையாயினும், பெடலை மெதுவாகப் பின்னோக்கிச் சுழற்றிக்கொண்டே உருளை ஒன்றுக்குத் துளி ஒன்றாக இட்டு, சற்றுநேரம் ஊறவிட்டுப் பிறகு வெளிப்புறத்தைப் பழந்துணியால் ஈரமற்றுத் துடைத்துவிடவேண்டும். சங்கிலியின் தேய்மானத்தை அறிய ஓர் அடிக்கோலே போதும்: புதிதில் சரியாக 12 அங்குலம் இருந்த 24 கண்ணிகள் 12-க்கு மேல் அங்குலத்தில் பதினாறிலொரு பங்கு நீண்டுவிட்டால் சங்கிலியை மாற்றுவது உத்தமம், எட்டிலொரு பங்கு நீளும்வரை காத்திருந்தவர் பெரும்பாலும் பல்சக்கரத்துக்கும் சேர்த்தே பணம் எடுத்துவைக்க நேரும்.