ஓடிப் பார்க்கும் ஊர்

ஊர் பார்ப்பதற்காக ஒருவர் ஓடுகிறார் என்றால் நம் வீட்டுப் பெரியவர்கள், "துரத்துகிறவன் யார்?" என்று கேட்பார்கள். ஆயினும் மேல்நாட்டு நகரங்கள் பலவற்றில் இது ஒரு தொழிலாகவே நடைபெற்று வருகிறது. வழிகாட்டி முன்னே ஓடுவார். பிரயாணிகள் நாலைந்து பேர் பின்னே ஓடுவார்கள். பேசிக்கொண்டே போகக்கூடிய வேகந்தான். முக்கியமான இடம் வந்ததும் நின்று கதை கேட்பார்கள். பிறகு மறுபடியும் ஓட்டம்.

அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனை இதற்கென்றே வகுத்தார்களோ என்று நமக்குத் தோன்றுகிறது. கிழக்கே சட்டசபை மாளிகையான காபிடல். மேற்கே லிங்கன் நினைவு மண்டபம். இடையே சுமார் இரண்டு மைல் புல்வெளியும் மரநிழலும் தடாகமும். கோடை வெயில் கடுமையானது. ஆகையால் விடியற்காலையே உகந்த நேரம்.

நடுவழியில் நிற்கும் வாஷிங்டன் ஸ்தூபியின் உயரம் 555 அடி. நெடுந்தூரம் அதையே பார்த்துக்கொண்டு ஓடி வருகிறவருக்கு, சுமார் 150 அடிக்கு மேல் கல்லின் நிறம் மாறியிருப்பது தெரியாமற் போகாது. பணமில்லாமல் 1854-ல் நின்றுபோன வேலை, உள்நாட்டுப் போரெல்லாம் ஓய்ந்த பிறகு தொடங்கி 1884-ல் முடிந்தது. அதற்குள் கல் எடுக்கும் இடம் மாறிவிட்டது!

எனினும், இந்த ஓட்டத்தின் பயனெல்லாம் லிங்கன் மண்டபத்துப் படிகளில்தான் இருக்கிறது என்போம். 1922-ல் மண்டபத்தைத் திறந்து வைத்தபோது, அடிமைத்தளை அறுத்தவரின் சந்நிதியிலேயே கறுப்பு இனத்தவரைத் தனியே ஒதுக்கி உட்கார வைத்தார்கள். 1939-ல் மேரியன் ஆண்டர்ஸன் என்னும் பாடகிக்கு, அவர் கறுப்பினத்தவர் என்பதால் அவ்வூர்ச் சங்கீத மண்டபம் ஒன்று மறுக்கப்பட்டது. ஈஸ்டர் ஞாயிறன்று இந்தப் படிகளில் நின்று அவர் பாடினார்; 75,000 பேர் கேட்டார்கள். காந்தியடிகளின் அறப்போர் முறையைத் தம்முடையதாக்கிக்கொண்ட மார்ட்டின் லூதர் கிங், 1963 ஆகஸ்டு 28-ந் தேதி பேசியதும் இங்கேதான். லிங்கன் சிலைக்குப் பதினெட்டுப் படி கீழே, அவர் நின்ற இடத்தில் கல்லில் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள்.

அங்கே நின்று திரும்பிப் பார்த்தால் சுமார் 2,000 அடி நீளத் தடாகம், அதற்கப்பால் ஸ்தூபி, அதன் பின்னே உதயசூரியன். அன்று கூடியவர்கள் இரண்டரை லக்ஷம் பேர் என்று புத்தகத்தில் படிக்கிறோம். படித்து அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அந்தக் கரையோரமாகவே ஓடி வந்து மூச்சு வாங்க நிற்கிறவருக்கோ, கூட்டம் எவ்வளவு தூரம் நின்றது என்பதைக் கால்களே சொல்லிவிடும்.

குறையும் உண்டு. அருங்காட்சி சாலைகள் அந்நேரத்தில் திறந்திரா. திறந்திருந்தாலும், வேர்வை சொட்டச் சொட்ட உள்ளே நுழைகிறவர்களை மற்றவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. குளித்து, உண்டு, பிற்பகலில் சாவகாசமாக நடந்து போய்ப் பார்க்கலாம்.