உங்களுக்குத் தெரியுமா? – ஒரே ஏரி, பல எல்லைகள்

● இந்தியாவில் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. அதன் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தென்கோடியும் கடலுக்குத் திறக்கும் முக்கிய முகத்துவாரமும் தமிழ்நாட்டில்.

● 1953-ல் ஆந்திரா தனி மாநிலமானது. எல்லைச் சண்டை தீராமல், 1960 ஏப்ரல் 1-ல் மறுபடியும் கோடு மாறியது. திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில ஊர்கள் ஆந்திராவுக்குப் போயின.

● கோட்டுக்கு அந்தப்பக்கமும் வீட்டில் தமிழ் பேசும் மீனவர்கள் உண்டு. ஆந்திரக் கடற்கரையில் அவர்களுக்குப் பட்டப்பு என்று பெயர். ஏரியில் யார் எதுவரை வலை போடலாம் என்ற தகராறு இரு கரைக்கும் பல காலமாக இருக்கிறது.

● மாநில எல்லைக்கும் மூத்தது ‘பாடு’. இறால் கிடைக்கும் இடங்களில் சுத்துவலை கட்டும் உரிமை அது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் சாதி மீனவர்கள் சீட்டுக் குலுக்கி, முறை வைத்து இடம் பிரித்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காது.

● உள்ளே இருப்பவர்களுக்கு நியாயமான இந்த ஏற்பாடு, வெளியே இருப்பவர்களுக்கு அடைத்த கதவு. பாடு இல்லாத ஊர்களும் சாதிகளும் பங்கு கேட்டதில் மோதல்கள் வந்தன. ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும் பாடு கிடையாது.

● இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் இறால் வலைக்குச் சீட்டுப்போட்டு இடம் ஒதுக்குகிறார்கள்.

● டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது 1613-ல். அதே காலத்தில்தான், 1609 முதல், இதேபோல எல்லையில் ஒரு நீர்நிலை உள்ள அயர்லாந்தின் வடக்கே அல்ஸ்டரில் பறிமுதலான நிலங்களில் ஆங்கில, ஸ்காட்லாந்து புராட்டஸ்டன்ட்டுகள் குடியேற்றப்பட்டார்கள். நிலம் இழந்தவர்கள் கத்தோலிக்கர்கள். அங்கே இன்றும் வாக்குச்சீட்டு வரை தொடரும் பிளவின் ஆழமான வேர் அந்தக் குடியேற்றம்.

● 1921-ல் அயர்லாந்து இரண்டானது.

● அங்கும் எல்லையில் ஒரு நீர்நிலை: ஃபாய்ல் கழிமுகம். அது யாருக்குச் சொந்தம் என்பது இன்றுவரை முடிவாகவில்லை. ஆனாலும் மீன்வளத்தைக் கவனிக்க 1952-லேயே இரு தரப்பும் சேர்ந்து ஓர் ஆணையம் அமைத்துவிட்டன. நீர் யாருடையது என்ற வழக்கைத் தள்ளிவைத்து, மீனை எப்படிக் காப்பது என்பதை முதலில் பேசியதே அதன் சாமர்த்தியம்.

● பழவேற்காட்டின் பறவைகளுக்கு இரண்டு சரணாலயங்கள்: ஆந்திரப் பக்கம் 1976-ல், தமிழகப் பக்கம் 1980-ல். ஏரியைக் கடலிலிருந்து பிரிக்கும் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் இரு மாநில மீனவருக்கும் ஒரே உத்தரவு: கடலுக்குப் போகாதே!