பாத்திர அட்டை பிழைத்தால் எங்கே தேடுவது?

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பேசிப் பேசியே ஒரு கதையை வளர்க்கும் விளையாட்டு ஒன்றுண்டு. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் உருவாக்கி வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ இதன் முன்னோடி. எங்கள் குழு அந்த முறையை மட்டும் எடுத்துக்கொண்டு, நம் துறைமுகத்தையே கதைக்களமாக்கியது. காலம் 1942 ஏப்ரல். 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு வீசுவதற்கு முந்திய நாட்கள். ஒருத்தி வள்ளக்காரரின் மகள், ஒருத்தி தாதி, இன்னொருத்தி தந்திக் கந்தோரில் வேலை செய்பவள்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பலம், விவேகம், கௌரவம் என்று புள்ளிகள் உண்டு. ஒரு காரியம் கைகூடுமா என்பதை 1 முதல் 20 வரையான ஓர் எண் தீர்மானிக்கும். புள்ளிக்கேற்ப அதில் கூட்டியோ கழித்தோ விடை காண்போம். இவற்றை விரிதாளில் பதிந்து, பொத்தானை அழுத்தியதும் கணக்குச் செய்து தரும் கட்டளைத் தொகுப்பொன்றை எழுதி வைக்கிறோம். அதுவே மெக்ரோ. அது பிழைக்கும் இடங்கள் பெரும்பாலும் நான்குதான்.

1. பெயர் பொருந்தாமை

மெக்ரோ ஒரு கலத்தைப் பெயரால் தேடும். ‘கௌரவம்’ என்பதைச் சிலர் ‘கெ’, ‘ள’ எனத் தனித்தனியாகத் தட்டி ‘கெளரவம்’ என்று எழுதிவிடுவர். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு வேறு சொற்கள். சொல்லின் இறுதியில் ஒட்டிய வெற்றிடமும் இதே தொல்லையைத் தரும். பெயரை மறுபடி தட்டாமல், அட்டையிலிருந்து பிரதி செய்து ஒட்டுவதே பாதுகாப்பு.

2. எழுத்தாகக் கிடக்கும் எண்

எண்கள் கலத்தின் வலப்பக்கமும் எழுத்துகள் இடப்பக்கமும் ஒதுங்குவது விரிதாளின் வழக்கம். ஓர் எண் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தால் சந்தேகியுங்கள். கலங்களைக் கூட்டும் ‘சம்’ சார்பு அதைக் கண்டுகொள்ளாது. பிழைச் செய்தி எதுவும் வராது. கூட்டுத்தொகை மட்டும் குறையும்.

3. முழு எண்ணாக்கும் முறை

புள்ளியிலிருந்து 10ஐக் கழித்து, இரண்டால் வகுத்து, கீழ்நோக்கி முழு எண்ணாக்க வேண்டும் என்பது விதி. 15 என்றால் 2.5, விடை 2. புள்ளி 7 என்றால் -1.5, விடை -2. ஆனால் ‘ரவுண்ட்டவுன்’ சார்பு பூச்சியத்தை நோக்கியே செல்வதால் -1 தரும். ‘இன்ட்’ சார்பு சரியாக -2 தரும். 15ஐ மட்டும் போட்டுப் பார்த்தால் இந்தப் பிழை அகப்படாது. பலவீனமான பாத்திரத்தையும் சோதிக்க வேண்டும்.

4. நிலையில்லாத எண்

இதுதான் எங்கள் குழுவில் மனத்தாங்கலை உண்டாக்கியது. தோழி ஒருத்தி “18 வந்தது” என்றாள். நாங்கள் பார்த்தபோது திரையில் 4 இருந்தது. அவள் பொய் சொல்கிறாள் என்று ஒருத்தி வாய்விட்டே சொன்னாள். பிறகுதான் காரணம் தெரிந்தது. விரிதாளில் எந்தக் கலத்தை யார் மாற்றினாலும், எழுமாற்றாக எண் எடுக்கும் சார்பு புதிதாக ஓர் எண்ணை எடுத்துவிடும். அவள் 18ஐக் கண்டதும் உண்மை, நாங்கள் 4ஐக் கண்டதும் உண்மை. வந்த எண்ணை மெக்ரோ உடனே வேறொரு கலத்தில் வெறும் பெறுமானமாக எழுதி வைத்தால் அது அசையாது. மன்னிப்புக் கேட்ட பிறகே அன்று விளையாட்டுத் தொடர்ந்தது.

எந்தப் பிழையானாலும் ஒழுங்கு ஒன்றே. முதலில் கோப்பைப் பிரதி எடுங்கள். கணக்கைத் தாளில் கையால் செய்து பாருங்கள். மெக்ரோவைத் துண்டு துண்டாக இயக்கி, விடை எந்தத் துண்டில் பிரிகிறது என்று காணுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. எங்கள் விளையாட்டில் பணமோ பந்தயமோ இல்லை. பகடை குறித்து மார்க்க ரீதியான தயக்கமுள்ள வீடுகள் உண்டு, அது மதிக்கத்தக்கது. ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவதே முறை. எழுமாற்று எண்ணே இல்லாமல், புள்ளிகளை மட்டும் ஒப்பிட்டும் விளையாடலாம். பிள்ளை திரையின் முன் அமர்ந்து ஒரு சூத்திரத்தோடு மல்லுக்கட்டும்போது, “எங்கே பிழைக்கிறது, காட்டு” என்று கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு விளக்கிச் சொல்லும்போதே பல வேளைகளில் அவளுக்குப் பிழை பிடிபட்டுவிடும்.