கிளைமொழி என்னும் சொல்லும் அதன் மொழிபெயர்ப்பும்

திருத்தணிகை தமிழகத்தின் வட எல்லையில் அமைந்த மலைத்தலமாகும். 1911இல் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பெற்றபோது இவ்வூர் அதனுள் அடங்கிற்று. 1953இல் ஆந்திர மாநிலம் தோன்றியபோது அம்மாவட்டத்தோடு அம்மாநிலத்தைச் சார்ந்தது. ம. பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் முன்னின்ற வட எல்லைப் போராட்டத்தின் பயனாய், படாஸ்கர் என்பார் எல்லையை ஆய்ந்து வகுக்க அமர்த்தப்பெற்றார். ஊரை அலகாகக் கொள்ளுதல், பெரும்பான்மையோர் பேசும் மொழியை நோக்குதல், நிலத்தொடர்ச்சியைக் கருதுதல் என்பன அவர் கொண்ட நெறிகள். அவற்றின்படி 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. இன்று அது திருவள்ளூர் மாவட்டத்தைச் சார்ந்தது.

ஊர்களை இவ்வாறு மொழிவழிப் பிரித்தல் கூடும். பேச்சைக் கோடு கிழித்துப் பிரித்தலோ எளிதன்று. இம்மலைப் படிகளில் தமிழும் கேட்கும், தெலுங்கும் கேட்கும். அவ்விரண்டும் எங்கும் ஒரு தன்மையனவாக இரா. ஊருக்கு ஊர் வேறுபடும். இவ்வேறுபாட்டை ஆங்கிலத்தில் ‘டயலக்ட்’ என்னும் ஒரு சொல்லால் குறிப்பர். தமிழிலோ கிளைமொழி, வட்டார வழக்கு, திசைச்சொல், கொடுந்தமிழ், கொச்சை எனப் பல சொற்கள் அதற்கு ஈடாக ஆளப்பெறுகின்றன. இவை ஒரு பொருட் சொற்களா? அல்ல என்பதனையும், ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைப்பதனால் தீங்கு விளையும் என்பதனையும் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் அச்சொல்லின் பிறப்பினை நோக்குவோம். ‘டியலெக்டோஸ்’ என்னும் கிரேக்கச் சொல் உரையாடலையும் பேசும் முறையையும் குறித்தது. அயோனியம், தோரியம், அத்திக்கம் முதலிய கிரேக்க வழக்குகள் யாவும் இலக்கியம் உடையனவாய் விளங்கின. எனவே தாழ்வு என்னும் கருத்து அச்சொல்லோடு உடன்பிறந்ததன்று.

செருமானியர் இச்சொல்லை ‘டியலெக்ட்’ எனக் கடனாகவும் பெற்றனர். 17ஆம் நூற்றாண்டில் ‘முண்டார்ட்’ எனத் தம் மொழியிலும் ஆக்கிக்கொண்டனர். ‘முண்ட்’ என்பது வாய். ‘ஆர்ட்’ என்பது வகை. யாக்கோபு கிரிம் என்னும் அறிஞர் டியலெக்ட் என்பதனைப் பெரும் பிரிவுக்கும், முண்டார்ட் என்பதனை அதனுள் அடங்கும் சிறு பிரிவுக்கும் உரியதாகக் கொண்டார். ஆங்கிலத்தில் இவ்விரண்டற்கும் பொதுவாய் நிற்பது டயலக்ட் ஒன்றே. ஆகவே கிரிம் கூற்றை ஆங்கிலத்தில் பெயர்ப்போர், அவர் செய்த வேறுபாட்டை ஒரு சொல்லால் காட்ட இயலாது இடர்ப்படுவர்.

இதனினும் நுட்பமானது ‘ஹோக்டாய்ச்’ என்னும் தொடர். அதில் ‘ஹோக்’ என்னும் சொல்லுக்கு உயர்ந்தது என்பது பொருள். அஃது ஆதியில் குறித்தது செருமானிய நாட்டின் தென்பால் உள்ள மேட்டுநிலத்தை, மேன்மையை அன்று. வடபால் தாழ்நிலத்தார் பேச்சு தாழ்செருமானியம் எனப்பட்டது. மேட்டுநில வழக்கினின்று பொதுமொழி தோன்றிய பின்னரே அத்தொடர் பொதுச் செம்மொழியையும் குறிக்கலாயிற்று. இதனை அறியாதார் நிலத்தின் உயர்வை மொழியின் உயர்வாகக் கருதி மயங்குவர். மலைமேல் நிற்பார் பேச்சு அடிவாரத்தார் பேச்சினும் சிறந்தது என்று திருத்தணியில் எவரும் கூறார் அன்றோ?

இனித் தமிழ் மரபினைக் காண்போம். தொல்காப்பியர் செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரு நிலத்தார் வழங்கும் சொல்லைத் திசைச்சொல் என்றார். குட்ட நாட்டார் தாயைத் தள்ளை என்பர் என்றும், அருவா நாட்டார் சிறுகுளத்தைக் கேணி என்பர் என்றும் உரையாசிரியர் எடுத்துக்காட்டுவர். பின்வந்த நன்னூலார் தமிழ் அல்லாத பிற நிலத்துச் சொற்களையும் இதனுள் அடக்கினார். ஆதலின் திசைச்சொல் என்பது தனிச்சொல்லைக் குறிப்பதேயன்றி, ஒலியும் இலக்கணமும் கூடிய ஒரு பேச்சமைப்பைக் குறிப்பதன்று. அதனை டயலக்ட் என்பதற்கு நேர்ச்சொல்லாகக் கொள்ளுதல் பொருந்தாது.

தள்ளை என்னும் சொல் மற்றோர் உண்மையையும் உணர்த்துகின்றது. உரையாசிரியர் திசைச்சொல்லாகக் கண்ட அது, இன்று ‘தள்ள’ என மலையாள மொழியில் வழங்குகின்றது. ஒரு காலத்து வழக்கு மற்றொரு காலத்துத் தனிமொழியின் உடைமை ஆகலாம் என்பது இதனாற் புலனாகும்.

மேனாட்டார் தமிழைப் பற்றி எழுதியவற்றில் இம்மயக்கம் பெருகிற்று. வீரமாமுனிவர் இலத்தீனில் இயற்றிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. அவருடைய செந்தமிழ் இலக்கணத்தை 1822இல் பாபிங்டன் ஆங்கிலத்தில் வெளியிட்டபோது செந்தமிழை உயர்ந்த டயலக்ட் என்று குறித்தார். இங்கு அச்சொல் வட்டாரத்தைக் குறிக்கவில்லை. ஒரே மொழியின் நடை வேறுபாட்டைக் குறிக்கின்றது. 1856இல் ஒப்பிலக்கணம் வெளியிட்ட கால்டுவெல், தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளையே திராவிட டயலக்டுகள் எனப் பல இடங்களில் வழங்கினார். அங்கு அது ஒரு குடும்பத்தின் கிளைகளாகிய மொழிகளைக் குறிக்கும். பாபிங்டன் சொல்லை வட்டார வழக்கு என்று பெயர்த்தால் செந்தமிழ் ஓர் ஊர்ப்பேச்சு ஆகிவிடும். கால்டுவெல் சொல்லை அவ்வாறு பெயர்த்தாலோ தெலுங்கும் தமிழும் தம் தனித்தன்மையை இழக்கும். எல்லைப்புறத்தில் இப்பிழை வெறும் சொற்பிழையாய் நில்லாது. ஒரு மக்களின் மொழியை மற்றொரு மொழியின் சிதைவு என்று கூறுவதாய் முடியும்.

தெலுங்கர் இதற்கு ‘மாண்டலிகம்’ என்னும் சொல்லை வழங்குவர். மண்டலத்துக்குரியது என்பது அதன் பொருள். பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி உழவுத்தொழிற் சொற்களைத் தொகுத்த மாண்டலிக அகராதி 1962இல் வெளிவந்தது. உழவர் வாய்ச்சொற்களை இழிசொல் என ஒதுக்காது அகராதி ஏற்றிய அம்முறை போற்றற்குரியது. மாண்டலிகம் என்பதற்குத் தமிழில் வட்டார வழக்கு என்பதே நேராகும்.

சொல்லைப் பெயர்த்தல் ஒருபுறம் இருக்க, அவ்வழக்கில் அமைந்த பேச்சைப் பெயர்த்தல் அதனினும் அரிது. வடதமிழ் மாவட்டங்களில் ‘வந்துகொண்டு’ என்பது ‘வந்துகினு’ என வழங்கும். கதையில் வரும் ஒருவன் இவ்வாறு பேசினால் அவன் ஊர் நமக்குத் தோன்றும். ஆங்கிலத்திலோ செருமானியத்திலோ பெயர்க்குங்கால் செயலின் பொருள் செல்லும், ஊர் செல்லாது. அதற்கு ஈடாக யார்க்சயர்ப் பேச்சையோ பவேரியப் பேச்சையோ அமைத்தால் திருத்தணியான் வேற்றூரான் ஆவான். எழுத்துப் பிழை நிறைந்த நடையில் எழுதினால் அவன் அறிவிலி ஆவான். எளிய பேச்சு நடையில் பெயர்த்து, ஊர்ப்பெயர்களையும் முறைப்பெயர்களையும் உள்ளவாறே நிறுத்துதல் இழப்பைக் குறைக்கும் வழியாகும்.

ஆகவே நிலம்பற்றிய பேச்சு வேறுபாட்டுக்கு வட்டார வழக்கு என்றும், குலமோ தொழிலோ பற்றியதையும் உள்ளடக்கிய பொதுப்பெயராகக் கிளைமொழி என்றும், நடைபற்றியதற்கு எழுத்து வழக்கு, பேச்சு வழக்கு என்றும், குடும்பம்பற்றியதற்கு இனமொழி என்றும் வேறுபடுத்தி ஆளுதல் தகும். கொச்சை என்னும் சொல்லை இவற்றுள் எதற்கும் வழங்கலாகாது. அது பேச்சை விளக்குவதன்று, பேசுவோரை இழிப்பது. வீட்டில் ‘வந்துகினு’ என்னும் சிறுவனுக்குப் பள்ளியில் ‘வந்துகொண்டு’ என எழுதக் கற்பித்தல் வேண்டும். ஆயினும் அவன் தாயின் பேச்சு பிழை என்று கற்பித்தல் வேண்டா. மொழியின் பொருட்டு ஒரு காலத்துப் போராடிய எல்லையூர்க்கு நாம் செய்யத்தக்க நன்றி, அவ்வூரார் வாய்மொழியைச் சரியான பெயரால் அழைத்தலேயாம்.