பிளேட்டில் கை வைக்கும் முன்

பதுளைப் பக்கத்துத் தோட்டப் பாதைகளில் ஹொண்டா எம்.டி. 90 ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் மற்றவர்களுக்குக் கொஞ்சம் பொறாமைதான். ஜப்பானியத் தபால்காரர்களுக்காகச் செய்த அந்த வண்டியில் கிளச் லீவரே கிடையாது. 1958இல் வந்த சூப்பர் கப்பின் வம்சம் அது. ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டை ஏந்திக்கொண்டு போகும் கடைப் பையனும் ஓட்டவேண்டும் என்றே கப்பை வடிவமைத்தார்கள். கிளச் தானாகவே விட்டுப் பிடிக்கும். கிளச் லீவர் உள்ள பழைய சி.டி. 125, சி.டி. 100 வைத்திருப்பவர்களுக்கோ இடது கைதான் கதி.

பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹப்புத்தளை 1,400 மீற்றருக்கும் மேல். பசறை, மடூல்சீமை, நமுனுகுலைப் பக்கம் பிரதான வீதியை விட்டு லயத்துக்குத் திரும்பினால் கல் பெயர்ந்த ஏற்றம். பின்னால் ஆள், முன்னால் அரிசி மூட்டை, முதல் கியர், பாதி கிளச். சமதரையில் ஓட்டுபவர் ஒரு நாளில் அழுத்துவதை இங்கே ஒரு கொண்டை ஊசி வளைவிலேயே அழுத்தித் தீர்த்துவிடலாம். லீவர் இறுகினால் முதலில் மணிக்கட்டு வலிக்கும். இறுக்கம் நாளுக்கு நாள் கொஞ்சமாக ஏறுவதால் பலரும் அதைக் குளிர் என்றும் வயசு என்றும் நினைத்துக்கொள்கிறார்கள். வேறொருவர் வண்டியை எடுத்து ஓட்டும்போதுதான் உண்மை தெரிகிறது.

கராஜுக்குப் போனால் அடிக்கடி வரும் தீர்ப்பு, “பிளேட் முடிஞ்சிருச்சு, மாத்திடுங்க.” இதை நம்பக்கூடாது. பிளேட் தேய்ந்தால் கிளச் வழுக்கும். எஞ்சின் கத்தும், வண்டி ஏறாது. லீவர் இறுகுவதற்குத் தேய்ந்த பிளேட் காரணமாவது அபூர்வம்.

காசு செலவில்லாமல் செய்யக்கூடிய முதல் சோதனை, லீவரை அழுத்திவிட்டு மெதுவாக விடுவது. இழுக்கும்போது கடினமாக இருந்து, திரும்பும்போது சோம்பலாக வந்தால் எங்கோ உராய்வு. இழுக்கக் கடினம், விட்டால் படாரென்று திரும்புகிறது என்றால் ஸ்பிரிங்கைச் சந்தேகிக்கலாம். அடுத்து ஹேண்டிலை இடமும் வலமும் திருப்பி அழுத்திப் பாருங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் இறுகினால் கேபிள் எங்கோ நசுங்குகிறது, அல்லது உயரமான ஹேண்டில் மாட்டியதால் நீளம் போதவில்லை. கேபிளில் வளைவுகள் கூடினால் உராய்வு கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். கண்ட இடத்தில் வளைத்துக் கட்டிய கேபிள் புதிதாக இருந்தாலும் கையை வாட்டும்.

பிறகு எஞ்சின் பக்கம் கேபிளைக் கழற்ற வேண்டும். இப்போதும் லீவர் இறுகலாக அசைந்தால் குற்றவாளி மேலேதான். லீவர் முனையையும் கழற்றி, உள் கம்பியைக் கையால் இழுத்துப் பாருங்கள். கம்பி வழுக்கிக்கொண்டு வந்தால் மிச்சம் லீவர்தான்: காய்ந்த போல்ட், அளவுக்கு மீறி முறுக்கிய நட், விழுந்ததில் வளைந்த பிடி.

ஆனால் பதுளை உள்ள ஊவாவில் பெரும்பாலும் கம்பிதான் குற்றவாளி. ஆடி, ஆவணியில் வீசும் கச்சான் காற்று நல்ல தேயிலைக்குப் பேர்போனது. பாதைப் புழுதியைக் கேபிள் வாய்க்குள் கொண்டுபோவதும் அதே காற்றுதான். ஒக்டோபரில் தொடங்கும் மழை, அந்தப் புழுதியோடு உள்ளே இறங்கிக் கீழ்வளைவில் தங்கித் துருவாகிறது. லயத்தில் வண்டிக்கென்று கூரை ஏது? பொலித்தீன் போர்த்தித்தான் வாசலில் நிற்கிறது. கம்பி முனையில் உள்ள குண்டுக்குப் பக்கத்தில் ஒரு இழை அறுந்திருந்தாலும் எண்ணெய் விட்டுப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். இழைகள் முழுசாக இருந்தால் கேபிளைத் தொங்கவிட்டு, மேல் முனையில் பொலித்தீனைக் கூம்பாகக் கட்டி, எஞ்சின் ஒயில் ஊற்றி ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் கீழே கறுப்பாகச் சொட்டியிருக்கும். உள்ளே நைலோன் குழாய் உள்ள கேபிளுக்குக் கிரீஸ் ஆகாது.

கேபிளைக் கழற்றியதும் லீவர் இலகுவாகிவிட்டதென்றால் எஞ்சின் பக்கத்தில் கேபிள் மாட்டும் கையைப் பாருங்கள். அதன் தண்டு துருப்பிடித்திருக்கலாம், அல்லது யாரோ கழற்றிக் கோணம் தப்பி மாட்டியிருக்கலாம். இன்னொரு கதையும் உண்டு. மலிவாகக் கிடைத்த கார் ஒயிலை ஊற்றுவார்கள். அதிலுள்ள வழுக்கல் சேர்மானத்தால், எண்ணெயில் ஊறி ஓடும் பைக் கிளச் வழுக்கத் தொடங்கும். அதை நிறுத்தக் கடினமான ஸ்பிரிங் போடுவார்கள். லீவர் இறுகும், கடைசியில் கம்பி அறும். டப்பாவில் ‘ஜாசோ எம்.ஏ.’ என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்கியிருந்தால் இத்தனையும் இல்லை.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதற்குள் பழைய வண்டிகள் இன்னும் பழசாகிவிட்டன. பதுளை டவுனுக்குக் கேபிள் வாங்கப் போகிறவர்கள் பழையதைக் கையோடு கொண்டுபோய் நீளம் ஒப்பிட்டு வாங்குவது நல்லது. பழையதைக் கழற்றும்போது அதன் முனையில் ஒரு நூலைக் கட்டி இழுத்து விட்டுவைத்தால், புதியதை அந்த நூலில் கட்டி இழுக்கும்போது பழையது வந்த வழியே போய் உட்கார்ந்துகொள்ளும். லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீற்றர் வெற்றசைவு விடுங்கள். அதுவும் இல்லாமல் இழுத்துக் கட்டினால் கிளச் ஏற்றத்தில் வழுக்கிப் பெற்றோலைத் தின்னும். புதுக் கம்பி சில நாள் ஓடியதும் கொஞ்சம் தளரும், அப்போது இன்னொரு தடவை சரிபார்க்க வேண்டும்.